பச்சைப் புள்ளி எந்தப் பக்கம்

எங்கள் கடையில் உட்கார்ந்து வேலை செய்கிற இடம் ஒன்றே ஒன்றுதான். மைக்ரோஸ்கோப்புக்கு முன்னால் கிடக்கும் சுழல் நாற்காலி. மற்ற எல்லோரும் காலை ஒன்பதரை முதல் இரவு ஒன்பது வரை நிற்க வேண்டும். கடையில் வேலை பார்க்கிற பெண்களுக்கு உட்கார உரிமை உண்டு என்று கேரளத்தில் சட்டமே இருக்கிறது. எங்கள் முதலாளி வீரபாண்டி அண்ணாச்சியும் சட்டத்தை மதிக்கிறவர்தான். சட்டத்துக்காக ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் வாங்கிப் போட்டார். அதன்மேல் சார்ஜர் பெட்டிகளை அடுக்கி வைத்திருக்கிறார்.

நான் அஜிதா. பழவங்காடியிலிருந்து சாலைக் கடைத்தெருவுக்குத் திரும்புகிற இடத்தில் இருக்கும் இந்த மொபைல் கடையில் கவுண்டரில் நிற்கிறேன். எழுத வந்தது என்னைப் பற்றி அல்ல, நாச்சியார் அக்காவைப் பற்றி. தனக்கு நடந்ததை அவளாக யாரிடமும் சொல்ல மாட்டாள். எனக்கு வாய் சும்மா இருக்காது.

நாச்சியாருக்கு ஊர் சங்கரன்கோவில் பக்கம். பத்தொன்பது வயதில் பகவதிப்பெருமாளைக் கட்டிக்கொண்டு திருவனந்தபுரத்துக்கு வந்தாள். அவர் தம்பானூரில் ஒரு ஓட்டலில் பரோட்டா மாஸ்டர். வந்த புதிதில் வீட்டு வேலை, அப்புறம் துணிக்கடை, அப்புறம் பெண்கள் சேர்ந்து எல்.இ.டி. பல்பு செய்கிற ஒரு யூனிட். சோல்டரிங் அங்கே படித்ததுதான். அந்த யூனிட்டில் ஒரு பழக்கம் இருந்தது. போர்டில் வைக்கும் முன்னால் ஒவ்வொரு எல்.இ.டி.யையும் மீட்டரில் தொட்டு எரியவைத்துப் பார்க்க வேண்டும். ஒன்று எரியாவிட்டாலும் முழு பல்பும் திரும்பி வரும், திரும்பி வந்ததைச் செய்தவள்தான் வீட்டுக்குப் போகாமல் உட்கார்ந்து பிரிக்க வேண்டும். யூனிட் இரண்டு வருஷத்தில் மூடிப்போனது. பழக்கம் மட்டும் அவள் கையோடு வந்துவிட்டது.

எங்கள் கடைக்கு அவள் பெருக்கித் துடைக்கத்தான் வந்தாள். பிறகு கவுண்டர். ஆறு வருஷம் என் பக்கத்தில் நின்றாள். கணுக்காலுக்கு மேலே நரம்பு நீலமாகச் சுருண்டு புடைத்திருக்கும். மெடிக்கல் காலேஜில் டாக்டர் கேட்டாராம், நின்றுகொண்டே செய்கிற வேலையா என்று. ஆமாம் என்றாளாம். மாற்ற முடியுமா என்று கேட்டாராம். கேட்பதற்கு அவருக்கு என்ன.

பழைய டெக்னீஷியன் ஷார்ஜாவுக்குப் போனபோது நாற்காலி ஒரு வாரம் காலியாகக் கிடந்தது. ஒரு நாள் அண்ணாச்சி ஒரு போனைத் திறந்து வைத்துக்கொண்டு தலையைச் சொறிந்துகொண்டிருந்தார். நாச்சியார் பக்கத்தில் போய், "நான் பாக்கட்டுமா அண்ணாச்சி" என்று கேட்டாள். பார்த்தாள். முடித்தாள். அன்றிலிருந்து ஒன்றரை வருஷம் அந்த நாற்காலி அவளுடையது. கால் வீக்கம் வடிந்தது. மதியச் சோற்றை அவள் அவசரமில்லாமல் சாப்பிடுவதை அப்போதுதான் நான் முதல் தடவையாகப் பார்த்தேன்.

அப்புறம் அண்ணாச்சியின் மைத்துனன் விஜய்குமார் வந்து சேர்ந்தான். இருபத்தேழு வயது. மூன்று மாதக் கோர்ஸ், கண்ணாடிச் சட்டம் போட்ட சர்டிபிகேட். மச்சினனுக்கு ஒரு வழி பண்ணச் சொல்லி வீட்டில் நெருக்கடி. அண்ணாச்சி ஒரு நாள் எங்கள் எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார்.

"நாச்சியா, இந்த மாசம் பூரா பாக்கேன். உன் கை வேலையில ஒரு கம்ப்ளெய்ன்ட் வரக்கூடாது. வந்துச்சுன்னா அவன் உக்காரட்டும், நீ பழையபடி கவுண்டருக்கு வந்துரு. பெறகு என்னயக் கொற சொல்லக்கூடாது, கேட்டியா."

"சரி அண்ணாச்சி" என்றாள். அவ்வளவுதான். எனக்குத்தான் பொத்துக்கொண்டு வந்தது. அவள் கையில் ஒன்றரை வருஷமாக எத்தனை கம்ப்ளெய்ன்ட் வந்தது என்று ஒருவராவது கேட்டிருக்க வேண்டாமா? நானும் கேட்கவில்லை. எனக்கும் வேலை வேண்டுமே.

அந்த மாதத்தில்தான் வெங்கிடேஷ் சார் வந்தார். கோட்டைக்குள் அக்ரகாரத்தில் வீடு, டெக்னோபார்க்கில் பெரிய உத்தியோகம். இரண்டு கைகளிலும் தாங்கிப் பிடித்தபடி ஒரு அட்டைப்பெட்டியைக் கொண்டுவந்து கவுண்டரில் வைத்தார். உள்ளே ரயில். ஒரு எஞ்சின், ஆறு பெட்டி, ஒவ்வொன்றும் ஒரு சாண் நீளம்கூட இல்லை. பொன்முடி மலைக்கு நிஜத்தில் ரயிலே கிடையாது, பஸ்ஸே எப்போதாவதுதான். இவர் வீட்டு மாடியில் மட்டும் விதுரா ஸ்டேஷன், கல்லாறு ஸ்டேஷன், அங்கிருந்து மலையைச் சுற்றிச் சுற்றி ஏறிப் பொன்முடி. சனிக்கிழமை ஒரு பள்ளிக்கூட ஹாலில் இந்த மாதிரி ரயில் வைத்திருப்பவர்கள் கூடிக் காட்சி வைக்கிறார்களாம். அதற்குள் எஞ்சினுக்கு முன்னால் வெள்ளை விளக்கு, கடைசிப் பெட்டிக்குப் பின்னால் சிவப்பு விளக்கு, எல்லாப் பெட்டி ஜன்னலிலும் மஞ்சள் வெளிச்சம் வேண்டும்.

எல்.இ.டி.யையும் அவரே ஆன்லைனில் வாங்கி வந்திருந்தார். ரீலாகச் சுற்றிய காகித நாடாவில் வரிசையாகக் குழி, குழிக்கு ஒன்று. ஒரு மில்லிமீட்டர் நீளம், அரை மில்லிமீட்டர் அகலம். ரவையை நாலாக உடைத்தால் வருகிற அளவு. நான் ஒன்றை எடுத்துப் பார்க்கலாம் என்று குனிந்தேன். மூச்சுக் காற்றிலேயே அது எங்கேயோ போய்விட்டது. வெங்கிடேஷ் சார் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அவர் வீட்டுப் பாத்திரத்தை உடைத்துவிட்டேன் போல.

"இது ரொம்ப சிம்பிள் வேலையாக்கும்" என்றார். "கண்ணு சரியில்லாததாலதான் வெளில கொடுக்கறேன். வண்டி முன்னால போறச்சே எந்த ஒயர் பிளஸ், எந்த ஒயர் மைனஸ்னு சிவப்பு, கறுப்பு போட்டு வச்சிருக்கேன். எல்.இ.டி. அடியில பச்சைப் புள்ளி இருக்கும். புள்ளி இருக்கற பக்கம் மைனஸ். அதை மட்டும் பாத்துக்கோங்கோ."

தண்டவாளத்தில் வருகிற மின்சாரம்தான் வண்டியை ஓட்டுகிறது. முன்னால் ஓட ஒரு பக்கம் பிளஸ், பின்னால் ஓட மறுபக்கம் பிளஸ். எல்.இ.டி.யோ ஒரு வழியாகத்தான் மின்சாரத்தை விடும். திருப்பி வைத்தால் எரியாது. ஆகவே பச்சைப் புள்ளி எந்தப் பக்கம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

அவர் போனதும் நாச்சியார் நாடாவிலிருந்து ஒன்றை ட்வீசரால் எடுத்து, ஒட்டுநாடாவின் மேல் குப்புற வைத்து, மீட்டரைத் தொட்டாள். எரியவில்லை. மீட்டரின் சிவப்பு முனையையும் கறுப்பு முனையையும் மாற்றித் தொட்டாள். எரிந்தது. இன்னொன்றை எடுத்தாள். அதுவும் அப்படியே. பத்து எடுத்தாள். பத்திலும் பச்சைப் புள்ளி பிளஸ் பக்கம் இருந்தது.

அவருக்குப் போன் போட்டாள். கையில் ட்வீசர் இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டாள். கடையில் அப்போது ஏழெட்டுப் பேர் நின்றார்கள்.

"சார், இந்த ரீல்ல புள்ளி பிளஸ் பக்கம் இருக்கு. மீட்டர்ல பாத்துட்டேன்."

"உங்க மீட்டர்ல பேட்டரி போயிருக்கும்."

"இல்ல சார், நல்ல மீட்டர்தான்."

"நான் டேட்டாஷீட் படிச்சுட்டுத்தான் சொல்றேன். நான் என்ஜினீயராக்கும். நீங்க எத்தனாங் கிளாஸ் படிச்சேள்? சொன்னதைச் சொன்ன மாதிரிப் பண்ணினாப் போதும். உங்க ஓனர்கிட்டக் கொடுங்கோ."

எத்தனாங் கிளாஸ் என்றபோது போன் திரைக்கு டெம்பர்ட் கிளாஸ் ஒட்டக் காத்திருந்த இரண்டு பையன்கள் சிரித்தார்கள். நாச்சியார் எட்டாவது. போனை அண்ணாச்சியிடம் நீட்டினாள். அண்ணாச்சி, "ஷரி சார், ஷரி சார், அதே போல செய்யச் சொல்லுதேன் சார்" என்று அரை நிமிஷம் தலையாட்டினார். போனை வைத்ததும் திரும்பினார்.

"கஸ்டமர் என்ன சொல்லுதாரோ அதச் செய்யி. நம்ம என்ன ரயில்வேயா நடத்துதோம்?"

அன்று சாயங்காலம் நான் அவளிடம் சொன்னேன். "அக்கா, அந்த ஆளு சொன்ன மாதிரியே தலைகீழா வச்சுக் கொடு. சனிக்கிழமை ஊர் முன்னாடி நல்லா அசிங்கப்படட்டும்." மனசாரச் சொன்னேன். இப்போதும் அதில் எனக்கு வருத்தம் இல்லை.

அவள் ட்வீசரைத் துடைத்து வைத்தாள். கோபம் வந்தால் அவளுக்கு மூக்கு நுனி மட்டும் சிவக்கும். பிறகு சொன்னாள், "எரியாதுன்னு தெரிஞ்சு ஒரு வெளக்க வைக்க எனக்குக் கை வராது. அவன் மூஞ்சிக்காக என் வேலய நான் ஏன் கெடுக்கணும்."

மூன்று நாள் வேலை. ஃபேனை நிறுத்தினால்தான் எல்.இ.டி. இடத்தில் இருக்கும். மார்ச் மாதப் புழுக்கத்தில், கதவு சாத்திய கடையின் மூலையில், ஃபேன் இல்லாமல் இருந்தாள். முடியைவிட மெல்லிய எனாமல் கம்பியின் நுனியைச் சுட்டுப் பூச்சை எடுக்க வேண்டும். எல்.இ.டி.யை ஒட்டுநாடாவில் குப்புறப் படுக்கவைத்து, ஊசிமுனை அளவு ஈயம் வைத்து, கம்பியைத் தொட்டதும் எடுத்துவிட வேண்டும். ஒரு நொடி கூடினால் கருகிப்போகும். தொடுகிற நேரம் முழுக்க மூச்சு விடக்கூடாது. வியர்வை மைக்ரோஸ்கோப் கண்ணாடியில் சொட்டும், துடைப்பாள், மறுபடி குனிவாள். பெட்டிக்கு ஆறு, எஞ்சினுக்கு இரண்டு, கடைசிக்கு இரண்டு. நாற்பது எல்.இ.டி. நாற்பதையும் மீட்டரில் எரியவைத்துப் பார்த்துத்தான் வைத்தாள். நாற்பதிலும் பச்சைப் புள்ளி பிளஸ் பக்கம்.

வெள்ளிக்கிழமை வெங்கிடேஷ் சார் நாலு முழம் தண்டவாளமும் கன்ட்ரோலரும் கொண்டுவந்தார். கவுண்டரில் கவர்களை ஒதுக்கி இடம் பண்ணினோம். வண்டியை வைத்துக் குமிழைத் திருகினார். எஞ்சின் முன்னால் இரண்டு வெள்ளைப் புள்ளி. ஆறு பெட்டி ஜன்னலிலும் மஞ்சள் வெளிச்சம். பின்னால் இரண்டு சிவப்பு. கடையில் இருந்தவர்கள் எல்லோரும் கூடிவிட்டார்கள், எதிர்க் கடை பழக்காரர் உட்பட. உண்மையைச் சொன்னால் எனக்கும் உள்ளே ஏறி உட்கார வேண்டும் போலத்தான் இருந்தது.

வெங்கிடேஷ் சாருக்கு முகம் கொள்ளாத சிரிப்பு. நாச்சியார் பக்கம் திரும்பினார்.

"பாத்தேளா? நான் சொன்ன மாதிரிப் பண்ணினேள், எரியறது. உங்க இஷ்டத்துக்கு மாத்தி வச்சிருந்தா என்னாயிருக்கும்? அதுக்குத்தான் படிச்சவா சொன்னாக் கேக்கணும்ங்கறது."

அண்ணாச்சியும் சிரித்தார். "அவளுக்குத் தெரியாது சார், நல்ல கை, ஆனா பிடிவாதம்" என்றார். பிறகு அவளிடம் குரலைத் தாழ்த்தி, "இந்த மாசம் பாஸ் பண்ணிட்ட. விஜய்குமார நான் சொல்லிக்கிடுதேன். நாற்காலி உனக்குத்தான்" என்றார்.

அந்த இடத்தில் அவள் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். நாற்காலி கைக்கு வந்துவிட்டது. நான் அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தேன். மூக்கு நுனி சிவந்திருந்தது.

கடைசிப் பெட்டியைத் தண்டவாளத்திலிருந்து எடுத்தாள். நகத்தால் கூரையை நெம்பித் திறந்தாள். மைக்ரோஸ்கோப்புக்கு அடியில் வைத்து, "சார், வந்து பாருங்க" என்றாள்.

அவர் குனிந்து பார்த்தார்.

"பச்சப் புள்ளி எந்த ஒயர்ல இருக்கு சார்?"

அவள் நாடாவில் மிச்சமிருந்த ஒன்றை எடுத்து மீட்டரைத் தொட்டுக் காட்டினாள். சிவப்பு முனை புள்ளியில் பட்டதும் எரிந்தது.

"நீங்க சொன்ன மாதிரி நான் வைக்கல. வச்சிருந்தா ஒண்ணும் எரிஞ்சிருக்காது. புள்ளிய நம்பக்கூடாது சார். ஒவ்வொரு கம்பெனி ஒவ்வொரு பக்கம் போடும். ரீல் மாறுனா மீட்டர்ல பாக்கணும்."

ஒரு மனிதன் இந்த இடத்தில் என்ன சொல்ல வேண்டும்? சரி, தப்பு என்னுடையது, நல்லவேளை நீ பார்த்தாய் என்று சொல்ல வேண்டும். நாலு வார்த்தை. அந்த நாலு வார்த்தைக்குப் பதிலாக அவர் நிமிர்ந்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு, அண்ணாச்சியைப் பார்த்துப் பேசினார்.

"அப்போ நான் சொன்னதை மீறித்தான் பண்ணியிருக்கா. இன்னிக்கு எரியறது, ஷரி. நாளைக்கு வேற யாரோட போனையோ இவா இஷ்டத்துக்குப் பண்ணி அது வெடிச்சா? நான் உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

ரயிலைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டு போய்விட்டார். கடையில் இருந்தவர்கள் கலைந்தார்கள். அண்ணாச்சியின் முகம் கறுத்துவிட்டது. "நான் சொன்னதக் கேட்டுக்கிட்டு எனக்குத் தெரியாம மாத்தி வச்சிருக்க. நான் அவர்ட்ட வாக்குக் கொடுத்தேன்லா? இது கம்ப்ளெய்ன்ட் இல்லாம பின்னே என்ன?" என்றார். திங்கட்கிழமை விஜய்குமார் நாற்காலியில் இருந்தான். உயரம் போதவில்லை என்று கீழே இருக்கும் திருகைத் திருகி ஏற்றிக்கொண்டான்.

அவளுக்கும் எனக்கும் அன்று சண்டை. "உனக்கு என்ன தேவை அது? அவன் என்ன நெனச்சா உனக்கென்ன? கால் போச்சுன்னா அவனா வந்து அமுக்கி விடுவான்?" என்று கேட்டேன். அவள், "நான் செஞ்சத அவன் தன்னோடதுன்னு சொன்னான் அஜிதா" என்றாள். இரண்டு மாதத்தில் நரம்பு மறுபடி புடைத்தது.

ஓணத்துக்கு முந்தின வாரம் வெங்கிடேஷ் சார் அடுத்த பெட்டியோடு வந்தார். புது வண்டி, எட்டுப் பெட்டி, புது ரீல். கவுண்டரில் நின்ற எங்களைப் பார்க்காதவர் போல நேரே விஜய்குமாரிடம் போனார். எழுதிக் கொடுத்த தாளை நான் அப்புறம் பார்த்தேன். "புள்ளி இருக்கும் பக்கம் பிளஸ்" என்று கொட்டை எழுத்தில் எழுதி, அடியில் இரண்டு கோடு இழுத்திருந்தார். அவள் சொன்னதில் பாதியை எடுத்துக்கொண்டு மீதியை விட்டுவிட்டார். ரீலை மீட்டரில் பார்க்கச் சொன்னாளே, அதை விட்டுவிட்டார். விஜய்குமார் சொன்னதைச் சொன்னபடி செய்கிறவன். ஐம்பத்திரண்டு எல்.இ.டி.யையும் தாளில் இருந்தபடி வைத்தான்.

வண்டி முன்னால் போனால் முழு இருட்டு. பின்னால் வந்தால் கல்யாண வீடு மாதிரி வெளிச்சம். அந்த ரீலில் புள்ளி மைனஸ் பக்கம் இருந்திருக்கிறது.

வண்டியை வாங்கிப்போன மூன்றாம் நாள் மூன்றரை மணி வாக்கில் அவர் பெட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தார். அண்ணாச்சி உள்ளே பில் போட்டுக்கொண்டிருந்தார். விஜய்குமார் நாற்காலியில் சாய்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். இவர் இந்தத் தடவை நேரே கவுண்டருக்கு வந்து, நாச்சியாரின் முன்னால் குனிந்து, பக்கத்தில் நின்ற எனக்கே காதைத் தீட்டிக்கொண்டால்தான் கேட்கும் குரலில் பேசினார்.

"சேச்சி, இதை நீங்க ஆத்துல வச்சுப் பண்ணித் தர முடியுமா? ஓனருக்குத் தெரிய வேண்டாம். ஞாயித்துக்கிழமை ஷோ இருக்கு. எனக்கு உங்க கைதான் வேணும்."

"அது உக்காந்து பண்ணுத வேல சார்" என்றாள் நாச்சியார். குரலைத் தாழ்த்தவில்லை. "நான் இப்ப நிக்கிற ஆளு. எதுக்கு நிக்கேன்னு உங்களுக்குத் தெரியும். அங்க இருக்காரு அண்ணாச்சி. அவர்ட்டச் சொல்லுங்க, அன்னிக்கு நீங்க சொன்னது தப்பு, நான் வச்சதுதான் சரின்னு. இப்பவே உக்காந்து பண்ணித் தாரேன்."

அண்ணாச்சி பத்தடி தூரத்தில் இருந்தார். தலையை நிமிர்த்திப் பார்க்கவும் செய்தார். "என்ன சார், என்ன வேணும்?" என்றார்.

வெங்கிடேஷ் சார் அண்ணாச்சியைப் பார்த்தார். நாற்காலியைப் பார்த்தார். கவுண்டரில் நின்ற இரண்டு காலேஜ் பெண்களைப் பார்த்தார். நான் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு சட்டைப் பையிலிருந்து தன் போனை எடுத்துக் கவுண்டரில் வைத்தார்.

"ஒண்ணுமில்லை. இதுக்கு ஒரு டெம்பர்ட் கிளாஸ் போடணும்" என்றார்.

அந்தப் போனில் ஏற்கெனவே கிளாஸ் இருந்தது. ஒரு கீறல்கூட இல்லை. நாச்சியார் அதை உரித்து எடுத்தாள், துடைத்தாள், புதியதை ஒரு குமிழி இல்லாமல் ஒட்டி நூற்றைம்பது ரூபாய் கேட்டாள். அவர் கொடுத்துவிட்டு, எரியாத வண்டியைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு இறங்கிப் போனார்.

அப்போது மணி நாலு. கடை சாத்த இன்னும் ஐந்து மணி நேரம் இருந்தது. அவள் ஒரு காலைத் தூக்கி மற்றக் காலில் தேய்த்துக்கொண்டு, காலேஜ் பெண்களிடம் எந்த மாடலுக்குக் கவர் வேண்டும் என்று கேட்டாள்.